வெளிநாட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு அஞ்சலட்டை அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாமி மேடையை ஒட்டிய சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் இடுக்கில் பதினொரு அஞ்சலட்டைகள் செருகியிருக்கின்றன. எல்லாம் வேலை நிமித்தமாகவும் சுற்றிப் பார்க்கவும் நான் போன நாடுகளிலிருந்து பாட்டிக்குப் போட்டவை. பாட்டி முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பக்கத்து நகரமான ஈப்போவைத் தாண்டிப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்கள் அம்மாவின் கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாட்டி அவற்றை ஒரு தடவை பார்த்ததோடு சரி. கார்டுகளை மட்டும் வீட்டுக்கு யார் வந்தாலும் உருவி எடுத்துக் காட்டுவார். எழுத்துக்கூட்டிப் படித்தும் காட்டுவார்.

ஒரு கார்டு அனுப்ப இவ்வளவு நீளமான வழிகாட்டி வேண்டுமா என்று தோன்றலாம். என் முதல் பயணத்தில் போட்ட மூன்று கார்டுகளில் ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்தது. காரணம் நான் எழுதிய முகவரி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த நம்மில் பலருக்கு வீட்டுக்கு வழி சொல்லத் தெரியும், முகவரி எழுதத் தெரியாது. "எட்டாங்கட்டையில் இறங்கி, கோவிலைத் தாண்டி, செம்பனைக் காட்டு வழியாக உள்ளே வாங்க" என்றால் டாக்சிக்காரர் வந்துவிடுவார். தபால் வராது. அதனால்தான் கீழே முதல் படி மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

படி 1: கிளம்புவதற்கு முன் முகவரியை உறுதி செய்யுங்கள்

வீட்டில் ஏற்கெனவே வந்து சேர்ந்த ஒரு கடிதத்தைத் தேடி எடுங்கள். மின்சாரக் கட்டணம், சேமநிதி அறிக்கை, வங்கிக் கடிதம், எதுவானாலும் சரி. அதன்மேல் அச்சாகியிருக்கும் முகவரிக்குத் தபால் வருகிறது என்பதற்கு அந்த உறையே சாட்சி. அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே பகர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

அப்புறம் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய் அங்கே எழுத்தராக இருக்கும் கிராணியைப் பாருங்கள். பல தோட்டங்களில் தபால்காரர் லயத்து வாசல் வரை வருவதில்லை. அலுவலகத்திலோ சாலையோரப் பெட்டியிலோ மொத்தமாகப் போட்டுவிட்டுப் போகிறார். அதைப் பிரித்துக் கொடுப்பவர் கிராணிதான். நான் கேட்டபோது எங்கள் கிராணி சொன்னது இது:

"ஐயா, வெளிநாட்டுலேருந்து கார்டு போட்டா எங்க வரும்?"

"இங்க ஆபீசுக்குத்தான் தம்பி வரும். டிவிஷன் பேரு போடலன்னா எந்த லயம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தத் தோட்டத்துல முனியம்மா மட்டும் நாலு பேரு இருக்காங்க."

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, டிவிஷன் பெயரும், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும், வீட்டு எண்ணும் கட்டாயம் வேண்டும். இரண்டு, பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடி, தகப்பன் பெயரோடு முழுதாக எழுத வேண்டும். பிள்ளை என்று பொருள்படும் 'ஆனாக்' என்று தொடங்கும் மலாய்ச் சுருக்கத்தை, அதாவது ஆண்களுக்கு ஏ கோடு எல் (A/L), பெண்களுக்கு ஏ கோடு பி (A/P), விட்டுவிடாதீர்கள். ஊரில் எல்லாரும் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால், அதையும் கார்டின் எழுத்துப் பக்கத்தில் தமிழில் எழுதிவிடுங்கள். கிராணிக்குப் பட்டென்று புரியும்.

தோட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மவர்கள் வாயில் ஒரு பெயர், ஆவணத்தில் இன்னொரு பெயர். போதாக்குறைக்குத் தோட்டங்கள் கைமாறும்போது பெயரும் மாறிவிடும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அதைத் தாங்க முடியாமல்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசிலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அவர் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1960களில் நாட்டின் தபால் துறையும் அவர் அமைச்சின் கீழ்தான் இருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகவரியில் தோட்டத்தின் இப்போதைய பெயரை, மலாயில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற சொல்லோடு எழுதுங்கள். பழைய பெயர் மனதுக்கு நெருக்கமாக இருக்கலாம், ஆனால் புதிதாக வேலைக்கு வந்த தபால்காரருக்கு அது தெரியாது.

அடுத்தது அஞ்சல் குறியீடு. ஐந்து இலக்கம். எங்கள் ஊருக்கு 31100. பேராக்கில் பெரும்பாலும் 30 முதல் 36 வரை தொடங்கும் எண்கள். மலேசியாவில் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல. எங்கள் ஊருக்கென்று இன்னொரு நுணுக்கமும் உண்டு. மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது. அதனால் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். வடக்கு என்று பொருள்படும் 'உத்தாரா' என்ற மலாய்ச் சொல்லின் முதல் எழுத்து அது. என் முதல் பயணத்தில் நான் விட்டது இந்த எழுத்தையும் குறியீட்டையும் மாநிலத்தின் பெயரையும்தான். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வால் இருக்கிறதா என்று பாருங்கள். 'சுங்கை', 'பாகான்', 'கம்போங்' என்று தொடங்கும் ஒரே பெயர் பல மாநிலங்களில் இருக்கும்.

தோட்டத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்று கிராணியே சொல்லிவிட்டால் கவலை வேண்டாம். டவுனில் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் சித்தப்பா வீடு, தெரிந்தவர் மளிகைக் கடை, படித்த தமிழ்ப்பள்ளி, இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். பாட்டியின் பெயரை முதல் வரியில் எழுதி, அடுத்த வரியில் 'டி கோடு ஏ' (D/A) என்று போட்டு அந்த வீட்டுக்காரரின் பெயரை எழுதினால் போதும். 'இன்னார் முகவரி வழியாக' என்பதற்கு மலாயில் எழுதும் சுருக்கம் அது. முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை.

எல்லாம் உறுதியானபின், முகவரிகளைச் சின்ன ஒட்டுத்தாள்களில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் பயணம் முழுக்கப் போதும். ரயிலில் ஆடிக்கொண்டே எழுதும்போது எண்ணில் தப்பு வராது. அச்சடிக்க வசதி இல்லையென்றால் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.

படி 2: பையில் என்ன வைக்க வேண்டும்

சாதாரண பந்துமுனைப் பேனா இரண்டு. ஜெல் பேனா வேண்டாம். பளபளப்பான அட்டையில் மை காயாமல் ஈஷிக்கொள்ளும், நம் ஊர் மழையில் தபால் பெட்டி கொஞ்சம் ஒழுகினாலும் கரைந்து ஓடிவிடும். ஒரு பசைக்குச்சி, கார்டு மடங்காமல் இருக்க ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை, முன்பு சொன்ன ஒட்டுத்தாள்கள். அவ்வளவுதான். மலேசிய ஸ்டாம்புகளைக் கொண்டுபோகாதீர்கள். எந்த நாட்டில் பெட்டியில் போடுகிறீர்களோ அந்த நாட்டு ஸ்டாம்புதான் செல்லும்.

படி 3: கார்டைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அளவு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி ஓர் அஞ்சலட்டை குறைந்தது 9க்கு 14 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அதிகபட்சம் 12க்கு 23.5 சென்டிமீட்டர். கடைகளில் விற்கும் வழக்கமான கார்டு 10.5க்கு 14.8, அது எங்கும் செல்லும். வட்டமாகவோ மீன் வடிவிலோ வெட்டிய கார்டு, மரப்பலகைக் கார்டு, ஜிகினா ஒட்டியது, இவையெல்லாம் இயந்திரத்தில் சிக்கும். பல நாடுகளில் கடிதக் கட்டணம் கேட்பார்கள். ஆசைப்பட்டு வாங்கினால் உறையில் போட்டே அனுப்புங்கள்.

எழுதும் பக்கம் வழுவழுப்பாக இல்லாமல், விரலால் தடவினால் தாள் மாதிரி இருக்க வேண்டும். அருங்காட்சியகக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நல்ல தாள். விமான நிலையத்தில் விலை அதிகம், படமும் பழசாக இருக்கும்.

எந்தப் படம் என்பதுதான் முக்கியம். புகழ்பெற்ற கோபுரத்தின் படத்தைத் தொலைக்காட்சியிலேயே பார்த்திருப்பார்கள். யாருக்கு அனுப்புகிறோமோ அவர் வாழ்க்கையோடு ஒட்டுகிற படமாகப் பாருங்கள். சமைப்பவருக்குச் சந்தை, லாரி ஓட்டியவருக்கு மலைச்சாலை, ரயில்வேயில் இருந்தவருக்கு ரயில். இலங்கையில் நுவரெலியா போனபோது தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் போட்ட கார்டு ஒன்றைப் பாட்டிக்கு அனுப்பினேன். அவர் பார்த்தது மலையையோ மேகத்தையோ இல்லை. கூடையின் கயிறு அந்தப் பெண்களின் நெற்றியில் மாட்டியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க தோள்ல காண்டா சுமந்தோம், இவுங்க தலையில சுமக்குறாங்க" என்று அம்மாவிடம் சொன்னாராம். பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்புதான் காண்டா. பதினொன்றில் அதிகம் வெளியே எடுக்கப்படுவது அந்தக் கார்டுதான். ஓரங்கள் நைந்துவிட்டன.

படி 4: ஸ்டாம்பு

வேறொரு நாட்டில் ஒட்டிய ஸ்டாம்பை மதித்து நம் ஊர்த் தபால்காரர் ஏன் கார்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம் அதற்குக் காரணம். அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பேசிக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. அன்று பிறந்த ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன, மலேசியாவும் உண்டு. அதனால் ஒரு தடவை சரியான தொகைக்கு ஒட்டினால் போதும், வீட்டில் யாரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. தொகை குறைந்தால் கார்டு கப்பலில் போகலாம், திரும்பியும் வரலாம், ஒரேயடியாகத் தங்கியும் விடலாம்.

நம்பகமான வழி, அந்த நாட்டு அஞ்சலகத்துக்கே போய்க் கார்டைக் காட்டி, "மலேசியா, ஏர்மெயில்" என்று சொல்வது. மொழி தெரியாத இடத்திலும் இந்த இரண்டு சொல் போதும். முதல் நாளே மொத்தப் பயணத்துக்கும் தேவையான ஸ்டாம்புகளை வாங்கிவிடுங்கள். கட்டணம் அடிக்கடி ஏறுவதால் பழைய தகவலை நம்ப வேண்டாம். ஜப்பானில் பல வருடம் 70 யென்னாக இருந்த விமான அஞ்சலட்டைக் கட்டணம் 2023இல் 100 யென் ஆனது. அங்கே ஒரு வசதி, உலகில் எந்த நாட்டுக்கும் ஒரே தொகை.

நம்மவர்கள் அதிகம் போகும் சில நாடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்குக் கோவில் பயணம் போகிறவர்கள் 50 காசு மஞ்சள் அஞ்சலட்டையைப் பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்குவார்கள். அந்தக் கட்டணம் இந்தியாவுக்குள் மட்டும்தான். மலேசியாவுக்கு வெளிநாட்டுக் கட்டணம் தனி. தலைமை அஞ்சலகத்துக்குப் போய்த் தமிழிலேயே கேட்டு வாங்கி ஒட்டலாம். அங்கே விற்கும் சில ஸ்டாம்புகளில் பசை சரியாக இருக்காது. பசைக்குச்சி வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு ஸ்டாம்பு வெளிநாட்டுக்குச் செல்லாது. வெளிநாட்டு அஞ்சலுக்கென்று தனி ஸ்டாம்பு விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் வேலை இன்னும் எளிது. 'குளோபல் ஃபாரெவர்' என்ற ஒரே ஸ்டாம்பு எந்த நாட்டுக்குப் போகும் கார்டுக்கும் போதும், பின்னால் விலை ஏறினாலும் செல்லும். மீந்தால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இத்தாலியில் கவனம் தேவை. அங்கே புகையிலைக் கடைகளிலும் பரிசுப் பொருள் கடைகளிலும் ஸ்டாம்பு விற்பார்கள். அவற்றில் சில அரசு அஞ்சலுக்கானவை அல்ல, தனியார் சேவைக்கானவை. அந்தத் தனியார் பெட்டியில்தான் போட வேண்டும், சிவப்பு அஞ்சல் பெட்டியில் போட்டால் செல்லாது. வாங்கும்போதே எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்டுவிடுங்கள். ரோமுக்கு யாத்திரை போகும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வத்திக்கான் ஸ்டாம்பு வாங்குவது வழக்கம். அது தனி நாடு, அந்த ஸ்டாம்பை ஒட்டிய கார்டை வத்திக்கானுக்குள் இருக்கும் பெட்டியிலேயே போட்டுவிட வேண்டும். ரோம் வீதிக்கு வந்துவிட்டால் உதவாது.

டென்மார்க் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: நானூறு ஆண்டு நடந்த அரசு அஞ்சல் சேவை 2025ஆம் ஆண்டு முடிவோடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. சிவப்புப் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள், இப்போது தனியார் நிறுவனம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளைச் சுற்றுகிறவர்கள் கார்டை ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ போட்டுவிடுவது நல்லது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம். தூரம் கொஞ்சம்தான், மாதம் ஒரு முறை வீட்டுக்கும் வந்துவிடுகிறீர்கள். இருந்தாலும் முதல் கார்டை அங்கிருந்து போடுங்கள். உங்கள் வீட்டு முகவரி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

படி 5: என்ன எழுதுவது

கார்டின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பாதி உங்களுக்கு, வலது பாதி முகவரிக்கும் ஸ்டாம்புக்கும். இடது பாதியைத் தாண்டி ஒரு சொல்கூடப் போகக் கூடாது. முகவரியோடு எழுத்து கலந்தால் பிரிக்கிற இயந்திரம் குழம்பும்.

செய்தியைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்த நாட்டுத் தபாலும் அதைத் தடுப்பதில்லை. பாட்டிக்கு எழுதுகிறேன் என்றால் எழுத்தைப் பெரிதாக்கி ஏழெட்டு வரியோடு நிறுத்திக்கொள்வேன். மேலே ஒரு 'உ' போட்டு, தேதியும் ஊர்ப் பெயரும் எழுதுவேன். கார்டு வந்து சேர மூன்று வாரம் ஆகலாம், எந்த நாள் எழுதியது என்று தெரிய வேண்டும்.

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கியே நமக்குப் பழக்கம். கையளவு இடத்தில் அதற்கே ஒரு வரி போய்விடும். நான் அதை விட்டுவிட்டு, அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒரே ஒரு விஷயத்தை எழுதுவேன். தென் கொரியாவிலிருந்து எழுதியது இப்படி இருந்தது (பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பது): "பாட்டி, நீங்கள் பெரட்டுக்குப் போன நேரத்துக்கு எழுந்து மீன் சந்தைக்குப் போனேன். மீன் விற்கிற அம்மா ஒருவர் எடை போட்ட பிறகு ரெண்டு மீன் சேர்த்துப் போட்டார், நம் டவுன் பாசாரில் உங்களுக்குப் போடுவார்களே அந்த மாதிரி. மத்தியானம் சோறு கிடைத்தது. ரசம்தான் இல்லை." இதைவிட அதிகம் தேவையில்லை. எத்தனை இடம் பார்த்தோம் என்ற பட்டியலை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

கார்டு திறந்த கடிதம். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் அஞ்சலட்டை வந்தபோதே, வேலைக்காரர்கள் எல்லாம் படித்துவிடுவார்களே என்று சிலர் தயங்கினார்கள். இந்தியாவுக்கு 1879இல் காலணா கார்டாக வந்தது. கார்டை எல்லாரும் படிப்பார்கள் என்பது தோட்டத்தில் இன்னும் உண்மை. கிராணி படிப்பார், எடுத்துவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும், தவறும் இல்லை. ஆகவே பண விவரம், நோய், சண்டை, கல்யாணப் பேச்சு, வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்ற தகவல், இவை எதுவும் கார்டில் வேண்டாம். மாறாக, கிராணிக்கு ஒரு வணக்கம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு விசாரிப்பு என்று ஒரு வரி சேர்த்தால், கார்டைக் கொண்டுவந்து கொடுப்பதில் அவர்களுக்கும் ஒரு மகிழ்ச்சி. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

துக்கச் செய்தியைக் கார்டில் அனுப்பாதீர்கள். சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது நம் பெரியவர்கள் வழக்கம், வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். கறுப்புக் கரை போட்ட கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்களுக்கு வாங்க வேண்டாம்.

ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கார்டு போடாமல் ஆளுக்கு ஒன்று, வேறு வேறு நாளில் போடுங்கள். தன் பெயருக்குத் தபால் வந்த அனுபவமே இல்லாத குழந்தைகள் இப்போது நிறைய. படித்த தமிழ்ப்பள்ளிக்கும் ஒன்று போடலாம். பள்ளி முகவரி தெளிவாக இருப்பதால் பெரும்பாலும் தவறாது, வகுப்பு முழுக்கக் கைமாறும்.

படி 6: முகவரிப் பக்கம்

முகவரி ரோமன் எழுத்தில், பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். வரிசை இது: முதல் வரியில் பெயர். இரண்டாவதில் வீட்டு எண்ணும் டிவிஷனும். மூன்றாவதில் லாடாங் என்ற சொல்லோடு தோட்டத்தின் பெயர். நான்காவதில் குறியீடும் ஊரும். ஐந்தாவதில் மாநிலம். கடைசியில் மலேசியா, தனி வரியில், சுருக்காமல், அடிக்கோடிட்டு. அனுப்புகிற நாட்டில் இருக்கும் ஊழியர் பார்ப்பது இந்தக் கடைசி வரியை மட்டும்தான். மற்ற வரிகளுக்கு மலேசியா வந்த பிறகே வேலை.

இடப்பக்க மேல் ஓரத்தில் 'பார் ஆவியோன்' என்று எழுதுங்கள் அல்லது அஞ்சலகத்தில் தரும் நீலச் சீட்டை ஒட்டுங்கள். விமான அஞ்சலுக்கான பிரெஞ்சுச் சொல் அது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால் எல்லா நாட்டு அஞ்சலகத்திலும் அதைத் தெரிந்து வைத்திருப்பார்கள். கீழே ஒன்றரை சென்டிமீட்டர் இடத்தை வெறுமையாக விடுங்கள், இயந்திரம் கோடுகள் அச்சடிக்க அந்த இடம் தேவைப்படும்.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பெட்டியில் போடுவது

உங்கள் கையாலேயே போடுங்கள். ஒருமுறை தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில் நான்கு கார்டு கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குப் பின் யாரிடமும் கொடுப்பதில்லை.

பெட்டியின் நிறமும் துவாரமும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் சிவப்புப் பெட்டிகளில் பலவற்றுக்கு இரண்டு வாய், வெளிநாட்டுத் தபாலை வலது பக்கம் போட வேண்டும். இத்தாலியிலும் இரண்டு, ஒன்று அந்த நகரத்துக்கு, இன்னொன்று மற்ற எல்லா ஊர்களுக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. தைவானில் பச்சைப் பெட்டி சாதாரணத் தபாலுக்கு, விமான அஞ்சலைச் சிவப்பில் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிவப்பு சரி, மஞ்சள் துரிதத் தபாலுக்கு மட்டும்.

நேரம் இருந்தால் அஞ்சலகத்து முகப்பிலேயே கொடுத்து, கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்கள். தெளிவான முத்திரையில் ஊரும் தேதியும் படிக்கும்படி இருக்கும். காஷ்மீரில் தால் ஏரியில் மிதக்கும் அஞ்சலகம் ஒன்று இருக்கிறது, ஹிமாச்சலில் ஹிக்கிம் கிராமத்தில் 4,400 மீட்டர் உயரத்தில் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

பயணத்தின் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுவிடுவது நல்லது. கடைசி நாளுக்கு வைத்தால் கார்டு பைக்குள்ளேயே வீடு திரும்பிவிடும், எனக்குத் தெரிந்து பலருக்கு நடந்திருக்கிறது.

படி 8: எத்தனை நாள் ஆகும்

என் அனுபவத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாரம், கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒன்றரை முதல் இரண்டு வாரம், இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இரண்டு முதல் நாலு வாரம். சாதாரணக் கார்டு எங்கே இருக்கிறது என்று வழியில் தேடிப் பார்க்க முடியாது. தீபாவளிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் ஐந்து வாரம் முன்னதாகப் போடுங்கள். பெருநாள் சமயத்தில் எல்லா இடத்திலும் தபால் குவியும்.

படி 9: வந்த கார்டைப் பாதுகாப்பது

நம் ஊர் ஈரத்தில் தாளுக்கு எதிரிகள் மூன்று: பூஞ்சணம், ராமபாணப் பூச்சி, கரையான். லேமினேட் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் சிக்கினால் ஸ்டாம்பு பழுத்துப் போகும், பிறகு எடுக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் கறை ஏறிவிடும். புகைப்பட ஆல்பத்தின் பிளாஸ்டிக் பைகளில் வைத்து, மாதம் ஒரு தடவை காற்றாடத் திறந்து வையுங்கள். பாட்டியின் கார்டுகள் சாம்பிராணிப் புகைக்குக் கொஞ்சம் கறுத்துவிட்டன. ஆல்பம் வாங்கிக் கொடுத்தேன், அதில் வைக்க மறுத்துவிட்டார். கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டுமாம். குறைந்தது விளக்கிலிருந்து நாலு அடி தள்ளி வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வரவில்லை என்றால்

ஆறு வாரம் பொறுங்கள். பிறகு தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள், மற்ற டிவிஷன்களின் பெட்டிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். டவுன் அஞ்சலகத்திலும் ஒரு தடவை விசாரிக்கலாம். எதுவும் இல்லையென்றால், முன்பு எடுத்து வைத்த படத்தைப் பார்த்து அதே வரிகளை வேறு கார்டில் எழுதி, அடுத்த பயணத்தில் போட்டுவிடுங்கள்.

என் கார்டு ஒன்று நாலு மாதம் கழித்து வந்தது. அதற்குள் நான் வீட்டுக்கு வந்து, மறுபடி வேலைக்கும் போய்விட்டேன். ஓரத்தில் இரண்டு வேறு கையெழுத்தில் பென்சில் குறிப்பு இருந்ததாம். "மூணாவது டிவிஷனில் இந்தப் பேரு இல்லை" என்று ஒன்று. அதன் கீழே எங்கள் கிராணியின் கையெழுத்தில், "முதல் டிவிஷன், கோவில் லயம், கடைசி வீடு." நான் டிவிஷன் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தேன். பாட்டி அந்தப் பென்சில் எழுத்தை அழிக்க விடவில்லை. பதினொன்றாவதாகச் சட்டத்தில் செருகியிருப்பது அதுதான்.